முன் மட்கார்டை நீட்டுவதென்றால்: ஒட்டுவதா, போல்ட் போடுவதா, ரப்பர் தொங்கவிடுவதா?

மழைக்காலம் வந்தால் பைக் வைத்திருப்பவர்கள் நடுவே ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும்: முன் மட்கார்டுக்கு எக்ஸ்டென்டர் (அதன் பின்நுனியைக் கீழே நீட்டும் துண்டு) போடலாமா, போட்டால் எது நல்லது? நியாயமான கேள்விதான். இப்போது வரும் பல வண்டிகளில் முன் மட்கார்டு பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் சக்கரத்தின் பின்பக்கம் அச்சு உயரத்துக்கு வரும்போதே முடிந்துவிடுகிறது. பழைய புல்லட்டைப் பாருங்கள். இரும்பு மட்கார்டு சக்கரத்தைச் சுற்றிப் பின்னால் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். அதை வரைந்தவருக்கு ரோட்டின் மேல் பெரிய நம்பிக்கை இருந்திருக்காது.

எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், இந்த நீட்டல் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓடும் முன்சக்கரத்தின் பின்பாதி எப்போதும் கீழிருந்து மேலே போகிறது. ரோட்டைத் தொட்ட இடத்தில் டயர் அள்ளிய தண்ணீரும் சேறும் டயரோடு கொஞ்சம் ஏறி, பிறகு தொடுகோட்டுத் திசையில் பிய்த்துக்கொண்டு போகின்றன. சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் சொன்னால், தரையை ஒட்டிப் பிரிவது ஏறக்குறைய கிடையாகப் பின்னால் போகும், கொஞ்சம் ஏறிய பிறகு பிரிவது சாய்வாக மேலே வரும், அச்சு உயரத்தில் பிரிவது செங்குத்தாக எழும்பும். மட்கார்டு எங்கே முடிகிறதோ, அதற்குக் கீழே பிரிவதெல்லாம் என்ஜின் பக்கம் வருகிற சரக்கு.

17 அங்குல ரிம் உள்ள வண்டியில் டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 30 செ.மீ. அச்சு உயரத்தில் முடியும் மட்கார்டோடு 15, 16 செ.மீ. நீளத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் வளைவில் 30 பாகை கூடுதலாக மூடப்படும். சக்கரத்துக்கும் என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கும் 10 செ.மீ. இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போட்டால், முன்பு தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தைத் தாண்டியும் அடித்த சேறு இப்போது 40 செ.மீ. அளவில் நின்றுவிடும். ரேடியேட்டர் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது என்பதால் அது தப்பும், அதன் கீழ் விளிம்பு மட்டும் நனையும். என்ஜினின் அடிப்பக்கம், பெண்ட் பைப் (என்ஜினிலிருந்து வளைந்து வரும் புகைக்குழாய்), ஆயில் ஃபில்டர், உங்கள் ஷூ எல்லாம் ஏறக்குறைய முன்பு மாதிரியேதான் சேறு வாங்கும். ஷூ நனையக் கூடாது என்பதற்காக எக்ஸ்டென்டர் வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்கு ரெயின் ஷூ கவர் போதும், விலையும் குறைவு.

அதனால் ‘எது’ என்பதற்கு முன்னால் ‘யாருக்கு’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. யமஹா ஆர்15, எம்டி-15, கேடிஎம் டியூக், பல்சர் என்எஸ்200, டோமினார் 400, ஹிமாலயன் 450 போன்றவை தண்ணீரில் குளிரும் வண்டிகள். முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் ரேடியேட்டர் நிற்கிறது. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சேறு புகுந்து காய்ந்தால் காற்று போகாது. நகர நெரிசலில் ஃபேன் நிற்காமல் ஓடும், சூடு ஏறும். ஜல்லிக்கல் பட்டால் தகடு மடங்கும், போதாத காலம் என்றால் குழாயே ஓட்டையாகிவிடும். இன்டர்செப்டர் 650 காற்றிலும் ஆயிலிலும் குளிர்வது. அதற்கு ரேடியேட்டர் இல்லை, ஆனால் ஆயில் கூலர் அதே இடத்தில்தான் இருக்கிறது. இவர்களுக்கு நீட்டல் உண்மையிலேயே உதவும். வெறும் காற்றில் குளிரும் கம்யூட்டர் வண்டிகளில் என்ஜின் மேல் படியும் சேறு, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். அவற்றில் பலவற்றுக்குக் கம்பெனியே மட்கார்டு நுனியில் ஒரு ஃப்ளாப்பும் கொடுத்துவிடுகிறது. அது கிழிந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள், கதை முடிந்தது.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் எக்ஸ்டென்டர் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். இங்கிலாந்தின் பிரமிட், ஸ்பெயினின் புய்க் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் வளைவு பார்த்துச் செய்கின்றன. நம்மூர் ஆக்சசரி கடைகளிலும் அதே தோரணையில் விலை குறைந்தவை கிடைக்கும். இவற்றில் ஒட்டும் வகை, துளை போட்டு மாட்டும் வகை என்று இரண்டு உண்டு. வாங்குபவர்களில் பலர் ஒட்டும் வகையைத்தான் தேடுகிறார்கள். புது வண்டியில் ஓட்டை போட மனசு வராது, அது புரிகிறது.

ஒட்டுவதில் இருக்கும் நல்ல செய்தி, அந்த டேப் சாதாரண டேப் இல்லை. 3எம் விஎச்பி மாதிரியான அக்ரிலிக் ஃபோம் டேப், பரப்பு சுத்தமாக இருந்து நன்றாக அழுத்தி ஒட்டினால் பயங்கரமாகப் பிடிக்கும். ஆனால் ஒட்டியவுடன் முழு வலு வந்துவிடாது. முதல் 20 நிமிடத்தில் பாதி, ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கு, முழுசாக 72 மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டிவிட்டு ஞாயிறு காலை மழையில் ஏலகிரி கிளம்புபவர்கள் வழியிலேயே அதைத் தொலைத்துவிட்டு ‘டேப் சரியில்லை’ என்கிறார்கள். பாவம், டேப் என்ன செய்யும்.

இன்னொரு சிக்கல் மட்கார்டின் பிளாஸ்டிக். ஏபிஎஸ் மேல் டேப் நன்றாக ஒட்டும். பாலிப்ரோப்பிலீன் மேல் ஒட்டாது, ஒட்டியது போல நடிக்கும். பெயின்ட் அடிக்காத, மெழுகு தடவினாற்போல் வழுவழுப்பான கறுப்பு மட்கார்டுகள் பல இந்த இரண்டாவது ரகம். மட்கார்டைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், எந்தப் பிளாஸ்டிக் என்று சின்னதாகப் பொறித்திருப்பார்கள். பாலிப்ரோப்பிலீன் என்றால் பிரைமர் தடவாமல் ஒட்டாதீர்கள், அல்லது ஒட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

எனக்கு ஒட்டும் முறையின் மேல் இருக்கும் பெரிய சந்தேகம் வேறு. இந்த டேப் பக்கவாட்டில் இழுத்தால் அசையாது, ஆனால் ஒரு ஓரத்தில் பிடித்து உரித்தால் வந்துவிடும். எக்ஸ்டென்டரின் நிலைமையோ அந்தரத்தில் தொங்கும் வால். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆடி, ஒட்டிய ஓரத்தை உரித்துக்கொண்டே இருக்கும். அது உள்பக்கம் ஒட்டியதாக இருந்தால் ஆபத்தும் உண்டு. டயரின் பின்பாதி மேல்நோக்கிப் போகிறது என்று பார்த்தோம் அல்லவா? கழன்ற துண்டை அது மட்கார்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். முன்சக்கரத்தில் அப்படி ஒன்று சிக்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே டேப்பை மட்டும் நம்பினால் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். கழன்றால் ரோட்டில் விழும், பணம் மட்டும்தான் போகும். உள்பக்கம்தான் பொருந்துகிறது என்றால் போல்ட் இல்லாமல் வேண்டாம்.

பிளாஸ்டிக் எக்ஸ்டென்டர் என்றால் போல்ட் போடுவதற்கே என் ஓட்டு. இரண்டு அல்லது மூன்று துளை, ஸ்டெயின்லெஸ் போல்ட், போல்ட்டின் உருண்டைத் தலை டயர் பக்கம், நைலான் பூட்டு நட்டு வெளிப்பக்கம், இரு பக்கமும் அகல வாஷர். அதோடு டேப்பும் இருந்தால் கடகட சத்தம் வராது. பாப் ரிவெட்டும் போடலாம், வேகமாக முடியும். ஆனால் வாஷர் இல்லாமல் பிளாஸ்டிக்கில் ரிவெட் அடித்தால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். கிளாசிக் 350 மாதிரி இரும்பு மட்கார்டு என்றால் துளை போட்ட உடனே, அன்றைக்கே, வெட்டிய விளிம்பில் துரு தடுக்கும் பிரைமரும் அதன் மேல் பெயின்ட்டும் தடவ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் வரும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அதற்கும் முன்பே.

ஓட்டை போட்டால் வாரண்டி போகுமே, விற்கும்போது விலை குறையுமே என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி. இன்னொரு மட்கார்டு வாங்குங்கள். புதுப்பேட்டையிலும் அதுபோன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளிலும் ஓடாத வண்டியிலிருந்து எடுத்தது கிடைக்கும். கொஞ்சம் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. துளை அதில் விழட்டும், கம்பெனி மட்கார்டு துணி சுற்றி அலமாரி மேல் இருக்கட்டும். வண்டியைக் கொடுக்கும்போது நாலு போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம்.

அடுத்தது ரப்பர். பைக் மன்றங்களில் இதைப் பற்றிப் பெருமையாக யாரும் படம் போடுவதில்லை, ஆனால் ஊரில் அதிகம் ஓடுவது இதுதான். நூறு, இருநூறு ரூபாய்க்குள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஃப்ளாப் வாங்கலாம். பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னால் லாரி டியூபில் வெட்டித் தருவார். இன்னும் நல்லது, கன்வேயர் பெல்ட் துண்டு. உள்ளே துணி அடுக்கு இருப்பதால் கிழியாது, விறைப்பாகவும் நிற்கும். இதன் பெரிய சௌகரியம், எங்கே இடித்தாலும் வளைந்து கொடுக்கும். நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கினாலும், பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் தெரியாமல் விழுந்தாலும் மடங்கி நிமிரும். பிளாஸ்டிக் எக்ஸ்டென்டர் அதே இடத்தில் உடைவதோடு சில நேரம் மட்கார்டின் நுனியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். டயரில் உரசினாலும் ரப்பர் தேயும், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. லாரி டியூப் மெல்லியது. வேகத்தில் பின்னால் மடங்கிப் பெண்ட் பைப்பைத் தொட்டால் கருகும், அந்த நாற்றம் இரண்டு நாள் வண்டியை விட்டுப் போகாது. குறைந்தது 4 மி.மீ. தடிமன் வேண்டும், அகலம் டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். பிளாஸ்டிக்கைப் போல டயரின் வளைவைப் பின்பற்றாமல் நேராகத் தொங்குவதால் பக்கவாட்டுத் தெறிப்பை அவ்வளவாகத் தடுக்காது. அப்புறம் அழகு. ஆர்15 மாதிரி வண்டியில் ரப்பர் ஃப்ளாப் தொங்கினால் கல்லூரி வாசலில் நிறுத்த ஒரு தைரியம் வேண்டும். அந்த ஒரு காரணத்தை ஒதுக்கி வைக்க முடிந்தால், தினமும் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓட்டும் பெரும்பாலானவர்களுக்கு ரப்பர்தான் சரியான விடை.

இனி, கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம். மட்கார்டு டயரை நெருக்கமாகச் சுற்றியிருப்பது தார் ரோட்டுக்குத்தான் நல்லது. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசலில் மழை பெய்த மறுநாள் வண்டி ஓட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பிப் பசையாகிவிடும். டயர் அதை அள்ளிக்கொண்டு மேலே போகும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பும், அதன் மேல் இன்னொரு அடுக்கு, இன்னொரு அடுக்கு. கொஞ்ச தூரத்தில் சக்கரம் சுற்றாது. அதற்குப் பிறகு இறங்கிக் குச்சியால் நோண்டுவதுதான் வேலை. பத்தடி போவீர்கள், மறுபடியும் நோண்டுவீர்கள். எக்ஸ்டென்டர் இந்தப் பொறியின் வாயைக் கீழே இழுத்து நீளமாக்குகிறது. சேறு விழுந்து வெளியேற இருந்த இடத்தையும் அடைத்துவிடுகிறது. மண்பாதைக்கென்று செய்யும் பைக்குகளில் முன் மட்கார்டை டயரிலிருந்து நன்றாக மேலே தூக்கி வைத்திருப்பது இதற்காகத்தான்.

அதனால் காட்டுக்கு, தோட்டத்துக்கு தினமும் போய் வருகிற வண்டி என்றால், அதிலும் கரிசல் என்றால், எதையும் நீட்டாதீர்கள். ரப்பர் கூட வேண்டாம் என்று சொல்ல வந்தேன், ஆனால் அதை மேலே மடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்பதால் அதற்கு மட்டும் விலக்கு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் இந்த அளவுக்கு ஒட்டாது, மணலும் சரளையும் கலந்தது. அங்கே பிரச்சினை அப்புவது இல்லை, கல் தெறிப்பது. அங்கே எக்ஸ்டென்டர் தன் கூலியைச் சம்பாதிக்கும்.

கல் என்றதும் ரேடியேட்டர் கார்டு, அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டும் வலை, ஞாபகம் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எக்ஸ்டென்டர் உங்கள் முன்சக்கரம் வீசும் கல்லையும் சேற்றையும் தடுக்கும். முன்னால் போகும் லாரியின் சக்கரம் வீசும் கல் மட்கார்டைத் தாண்டி நேராக வருவது, அதை கார்டுதான் தடுக்கும். கார்டு சேற்றைத் தடுக்காது. வலை மிக நெருக்கமாக இருந்தால் சேறு அந்த வலையிலேயே அப்பிக் காற்றை அடைக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஜல்லி லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்கள் கார்டு வாங்கட்டும், மழையில் நகரத்துக்குள் சுற்றுகிறவர்கள் எக்ஸ்டென்டர். மலிவு கார்டுகளில் சில காற்று போகும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

வேறு மாடலின் நீண்ட மட்கார்டை மாற்றிப் போடும் வழியும் உண்டு. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) தடிமன், போல்ட் இடைவெளி, டயர் அகலம் எல்லாம் பொருந்த வேண்டும். அதற்குப் பொறுமையும் ஒரு நல்ல மெக்கானிக்கும் இருந்தால் செய்யுங்கள். முப்பரிமாண அச்சில் எக்ஸ்டென்டர் செய்து தருபவர்களும் இப்போது இருக்கிறார்கள். எந்தப் பொருள் என்று கட்டாயம் கேளுங்கள். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் என்றால் வேண்டாம், 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வேலூர் வெயிலில் நிறுத்திய கறுப்புத் துண்டு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் என்றால் வெயிலும் தாங்கும், சூடும் தாங்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாட்டுவதற்கு முன் இடைவெளி பார்க்காமல் இருக்கக் கூடாது. வண்டி நிற்கும்போது எக்ஸ்டென்டர் நுனிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். இந்த வண்டிகளில் மட்கார்டு ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியோடு சேர்ந்தது, பள்ளத்தில் சக்கரம் ஏறும்போது அதுவும் ஏறும். ஃபோர்க் சாய்வாக இருப்பதால் மேலே மட்டும் போகாது, பின்னாலும் வரும். சாய்வு 25 பாகை, ஃபோர்க் முழுதாக அமுங்கும் தூரம் 130 மி.மீ. என்றால், நுனி ஏறக்குறைய 118 மி.மீ. மேலேயும் 55 மி.மீ. பின்னாலேயும் நகரும். ஹிமாலயன் போல 200 மி.மீ. அமுங்கும் வண்டியில் பின்னால் வருவது மட்டுமே 80 மி.மீ.க்கு மேல். நாலு விரல் இடம் காணாமல் போய்விடும். வேகமாக ஓட்டும்போது முன்பிரேக்கைப் பிடித்த நிலையில் ஒரு பள்ளம் வந்தால் எக்ஸ்டென்டர் போய் மோதும் இடம், எதைக் காப்பாற்ற வாங்கினோமோ அந்த ரேடியேட்டர்.

சோதிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில், ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை ஒட்டி, ஒரு கேபிள் டை கட்டுங்கள், இறுக்கமாக வேண்டாம், தள்ளினால் நகர வேண்டும். எக்ஸ்டென்டர் மாட்டாமல் சில நாள் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள், பின்சீட்டில் ஆள் ஏற்றியும் ஓட்டுங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரை உங்கள் ஃபோர்க் அமுங்கியிருக்கிறது. பிறகு எக்ஸ்டென்டரைத் தற்காலிகமாக மாஸ்கிங் டேப்பில் நிறுத்தி, நுனி அந்த அளவுக்கு மேலேயும் பின்னாலேயும் வந்தால் எங்கே இருக்கும் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். குறைந்தது 2 செ.மீ. மிச்சம் இல்லாவிட்டால் நுனியை வெட்ட வேண்டியதுதான். ஹேக்ஸா பிளேடால் ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டி, விளிம்பை உப்புக்காகிதத்தால் தேயுங்கள். கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். ஒட்டிய எக்ஸ்டென்டரைப் பிறகு எடுக்க நினைத்தால் கத்தி போட்டு நெம்ப வேண்டாம். ஹேர் டிரையரில் சூடு காட்டி, நைலான் தூண்டில் நரம்பை டேப்புக்கு நடுவில் விட்டு ரம்பம் போல இழுத்தால் பெயின்ட் உரியாமல் வந்துவிடும்.